பால்மா ரின்னும் பன்னிரண்டு முகங்களும்

மகன்,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து நீ திரும்பத் திரும்ப எடுத்தாய். லைன் அறவில்லை. நான்தான் வைத்தேன். கோபத்தில் வைத்தேன், அதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதும் இல்லை. ஆனால் கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது உன் தாய் ஏன் அப்படிச் செய்தாள் என்று தெரியாமல் நீ கோயிலில் போய் நிற்கக் கூடாது. போனில் சொன்னால் நடுவில் "சரியம்மா, சரியம்மா" என்று சொல்லி என்னை மடக்கிவிடுவாய். கடிதத்தில் அது நடவாது. கடைசி வரி வரைக்கும் நீ வாசித்துத்தான் ஆகவேண்டும்.

நீ கேட்டது பெரிய காரியமில்லை. மண்டபத்தில் பெரிய திரை வைக்கிறார்களாம். பெண் வீட்டார் தங்கள் பிள்ளையின் சின்ன வயதுப் படங்கள் நாற்பதோ ஐம்பதோ கொடுத்திருக்கிறார்களாம். உனக்கு மூன்று வயதில் எடுத்த ஒரே ஒரு படம் இருக்கிறது. அதில் நீ கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் இருக்கிறாய். படத்தின் நாலு மூலையும் இருண்டிருக்கும். நீ ஆட்டியதால் உன் வலது கை இரண்டு கைபோல் இருக்கும். "அதைக் கொழும்பிலை ஒருத்தர் கொம்பியூட்டரிலை திருத்தித் தருவார் அம்மா, கலரும் போட்டுத் தருவார், கையையும் ஒண்டாக்கித் தருவார், உப்பிடியே போட்டா ஆக்கள் சிரிப்பினம்" என்றாய். அந்தச் சொல்லோடுதான் போனை வைத்தேன். படத்தை இன்று காலை தபாலில் போட்டுவிட்டேன், இருக்கிறபடியே. திரையில் போடுவதென்றால் இருட்டு மூலையோடும் இரண்டு கையோடும் போடு. இல்லாவிட்டால் போடாதே. திருத்த மட்டும் நான் விடமாட்டேன். அந்தப் படம் உன்னுடையது மட்டுமில்லை என்பதுதான் காரணம்.

என் கலியாணத்துக்கு முன்னர் மன்னார் ரவுணில் ஒரு ஸ்ரூடியோவில் ஐந்து வருடம் வேலை செய்தேன் என்பது உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. முன்னுக்குக் கமெராவைப் பிடித்தது முதலாளி. பின்னுக்கு இருட்டறையில் கடதாசியை மருந்தில் கழுவி, காயப்போட்டு, ஓரம் வெட்டி, மணப்பெண்களின் முகத்திலிருந்த அம்மைத் தழும்பைப் பென்சிலால் மறைத்தது நான். எத்தனையோ பேருடைய தழும்பை மறைத்த கை இது. அதனால்தான் திருத்திய படம் எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். உன் அப்பாவைக் கட்டி தலைமன்னாருக்கு வந்த பிறகு அந்த வேலை போயிற்று. பிறகு சண்டை வந்தது, கப்பல் நின்றது, ரயில் நின்றது. முதலாளி கடையைப் பூட்டிவிட்டுப் போகும்போது முக்கால்வாசி முடிந்த ஒரு பெட்டிப் படக் கடதாசியையும் இரண்டு பக்கெற் மருந்துத்தூளையும் என்னிடம் தந்தார். "பிள்ளை, இது உனக்குத்தான் பயன்படும்" என்றார். நான் அதைக் கறுப்புத் துணியில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன். இரண்டு வருடம் அது அங்கேயே கிடந்தது.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினாறு வயதில் எழுதும் சாதாரணதரச் சோதனைக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். சோதனை மண்டபத்துக்குள் போவதற்கு அடையாள அட்டை வேண்டும். தபால் கந்தோரில் கொடுக்கும் அட்டை போதும், ஆனால் அதற்குப் படம் ஒட்டவேண்டும். படமெடுக்க ஊரில் ஆளில்லை, ரவுணில் கடை இல்லை, அதற்கப்பால் போக ஒழுங்கான பாதையில்லை. அதிபராக இருந்த சிஸ்ரர் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னா. "நான் என்ன செய்ய? வாற வருசம் எழுதட்டும். உயிரோடை இருந்தாக் காணும்."

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு எழும்பினார்கள். எனக்கு அந்தப் பன்னிரண்டு பேரில் பிள்ளை யாரும் இல்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சும்மா போய் நின்றவள் நான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வருடங்களில் எதற்கெடுத்தாலும் "உயிரோடை இருந்தாக் காணும்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். சாப்பாடு இல்லை, உயிரோடு இருந்தால் போதும். வெளிச்சம் இல்லை, உயிரோடு இருந்தால் போதும். காணாது, மகன். உயிரோடு இருப்பது மட்டும் யாருக்கும் காணாது. நான் எழும்பி, "சிஸ்ரர், படத்தை நான் எடுத்துத் தாறன்" என்றேன்.

"கமெரா வைச்சிருக்கிறீரோ?"

"இல்லை. செய்வன்."

சிஸ்ரர் என்னை மேலும் கீழும் பார்த்தா. பிறகு, "பத்து நாள் இருக்கு. புதன்கிழமை பின்னேரத்தோடை தபால் கந்தோரிலை எடுக்கமாட்டினம்" என்று மட்டும் சொன்னா.

வீட்டுக்கு வந்து உன் பால்மா ரின்னைக் கவிழ்த்து மாவைச் சட்டியில் கொட்டினேன். உன் அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "உனக்கு விசரோ? பால்ரின்னாலை படமெடுக்கப் போறியோ?" என்று கேட்டார். கமெரா என்றால் வேறொன்றுமில்லை, ஒரு பக்கம் ஓட்டை உள்ள இருட்டுத்தான் என்று சொன்னேன். ஸ்ரூடியோ முதலாளி ஒருநாள் பொழுதுபோகாமல் சொல்லித் தந்தது அது. கண்ணாடி வில்லையே தேவையில்லை. ஊசி முனையளவு ஓட்டை இருந்தால் வெளியில் நிற்பது தலைகீழாக உள்ளே விழும். அந்த நாளில் பற்பசை தகரக் குழாயில் வரும். முடிந்த குழாய் ஒன்றைப் பிளந்து கழுவி, தையல் ஊசியால் ஒரு துளை குத்தி, பிசிறை நெருப்புப்பெட்டிப் பக்கத்தில் உரஞ்சி எடுத்தேன். ரின்னின் வயிற்றில் பெரிய ஓட்டை வெட்டி அதன்மேல் அந்தத் தகரத்தை ஒட்டினேன். உள்ளே வெளிச்சம் பட்டுத் தெறிக்காமல் பானைக் கரியைக் கஞ்சியில் குழைத்துப் பூசினேன். ஓட்டையை மூடித் திறப்பதற்கு ரப்பர்ச் செருப்பில் ஒரு துண்டு, அதைப் பிடித்துவைக்கச் சைக்கிள் ரியூப் பட்டி. விசர் என்றவர்தான் அந்தப் பட்டியை வெட்டித் தந்தார்.

சமைக்கிற குசினியின் ஜன்னலுக்குக் கருவாட்டுச் சாக்கை மூன்று மடிப்பாகத் தொங்கவிட்டு இருட்டறையாக்கினேன். சிவப்பு வெளிச்சம்தான் கடதாசியைக் கெடுக்காது. சிவப்பு விளக்குக்கு எங்கே போக? கோயிலில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் எரியும் விளக்குக்கு மேலதிகமாக ஒரு சிவப்புக் கண்ணாடி இருந்தது. சிஸ்ரரிடம் கேட்டேன். அவ முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து தந்தா. மருந்து ஊற்றச் சூப்புக் கோப்பை. இரண்டாவது மருந்து, அதாவது படம் கறுத்துப்போகாமல் பிடித்துவைப்பது, பாதி கட்டிபட்டுச் செத்துப்போயிருந்தது. அதற்குப் பதிலாகக் கருவாட்டுக்குப் போடும் உப்பைத் தண்ணீரில் இனிக் கரையாது என்னும் வரைக்கும் கரைத்து வைத்தேன். ஒரு நாள் முழுக்க ஊறவிட்டால் உப்பும் பிடிக்கும். கொஞ்சக் காலத்துக்குத்தான் பிடிக்கும், பிறகு படம் மண்ணிறமாகும். மாறட்டும், சோதனை முடியும்வரை நின்றால் போதும் என்று நினைத்தேன்.

கடதாசியை இருட்டில் தடவித் தடவி வெட்டியபோது இருபத்தெட்டுத் துண்டு வந்தது. ஒரு முகத்துக்கு இரண்டு துண்டு வேண்டும். முதல் துண்டில் எல்லாம் மாறி விழும், முகம் கறுப்பாக, தலைமயிர் வெள்ளையாக. அதன்மேல் இன்னொரு துண்டை வைத்துக் கண்ணாடியால் அமத்தி வெளிச்சம் காட்டினால்தான் நேரான படம் வரும். கண்ணாடிக்கு வீட்டிலிருந்த திரு இருதயப் படத்தின் சட்டத்தைக் கழற்றினேன். பரிசோதித்துப் பார்த்ததில் நாலு துண்டு போயிற்று. மூடியால் வெளிச்சம் கசிந்து முதலாவது முழுக்கக் கறுத்தது. இரண்டாவதில் ஒன்றுமே விழவில்லை. மூன்றாவதில் ஏதோ புகை போல. நாலாவதைச் சூப்புக் கோப்பைக்குள் போட்டு, சிவப்பு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் வேலி, வேலிக்குப் பின்னால் பனை, பனைக்குப் பின்னால் கடல் என்று ஒவ்வொன்றாக எழும்பி வந்தது. நான் போட்ட சத்தத்தில் உன் அப்பா ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார். அந்தப் படம் என் கண் முன்னாலேயே கறுத்துப்போயிற்று. ஆனால் இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டோம்.

மிச்சம் இருபத்துநான்கு துண்டு, பன்னிரண்டு பிள்ளை. ஒன்றுகூடப் பிழையாகப் போகக் கூடாது.

நாலு பிள்ளைகள் ஆமிக் காவலரணுக்கு அப்பால் இருந்தார்கள். தபால் கந்தோருக்கு வரும் அந்த ஒரு நாளைத் தவிர இந்தப் பக்கம் வர அவர்கள் பயந்ததால் நான்தான் நாலு ரின்னைச் செய்து பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை போனேன். போகும்போது யாரும் கேட்கவில்லை. படமெடுத்துவிட்டுத் திரும்பும்போது ஓர் இளம் ஆமிக்காரன் பையைத் திறந்து பார்த்தான். கரி பூசின, துளை போட்ட, ரியூப் பட்டி சுற்றின நாலு ரின். அவன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பையைக் கீழே வைக்கச் சொன்னான். பின்னால் நின்ற சனத்தைத் தூரப் போகச் சொன்னான். துவக்கை என் பக்கம் திருப்பி, அரைகுறைத் தமிழில், "திற" என்றான்.

"திறக்கேலாது. திறந்தா பிள்ளையளின்ரை முகம் அழிஞ்சுபோம்."

"திற!"

நான் ரின்னைத் திறக்கவில்லை. உன் அப்பாவின் கலியாணக் கறுப்புக் காற்சட்டையை நான் இரண்டு மடிப்பாக வெட்டி ஒரு பையாகத் தைத்து வைத்திருந்தேன், வெளியிடத்தில் கடதாசியை மாற்ற வேண்டி வந்தால் இரண்டு காலுக்குள்ளாலும் கையை விட்டு வேலை செய்வதற்கு. அதற்குள் ஒரு ரின்னைப் போட்டு வாயைக் கட்டினேன். காற்சட்டையின் ஒரு காலுக்குள் என் கையை விட்டு, உள்ளே மூடியைக் கழற்றினேன். மற்றக் காலை அவனிடம் நீட்டினேன். "நீங்களே கையை விட்டுப் பாருங்கோ" என்றேன். அவன் கூட நின்றவனிடம் துவக்கைக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்தபடியே கையை விட்டான். காற்சட்டைக்குள் அவன் விரல் கடதாசியைத் தடவுவது எனக்குத் தெரிந்தது. ஒரு பக்கம் வழுவழுப்பு, மற்றப் பக்கம் சொரசொரப்பு. மெதுவாக முகம் மாறியது. "பொட்டோ?" என்று கேட்டான். "ஓம், பொட்டோ. சோதினைக்கு" என்றேன். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. கையை எடுத்துவிட்டு, நாலு தரம் யோசித்து, தன் நெஞ்சில் விரலை வைத்து, "நமக்கு ஒண்ணு? அம்மாவுக்கு அனுப்ப?" என்று கேட்டான்.

"இல்லை. பிள்ளையளுக்கு மட்டும்தான். கடதாசி காணாது" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வழியெல்லாம் எனக்கு என்மேல் பெரிய மதிப்பு. துவக்குக்கு முன்னாலும் கணக்குத் தப்பாமல் நின்றவள் என்று நினைத்தேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசி.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிய எட்டுப் பிள்ளைகளும் எங்கள் முற்றத்துக்கு வரவேண்டும். வெள்ளைக் கட்டில் விரிப்பைப் பின்னால் கட்டினேன். கண்ணுக்குக் கீழே நிழல் விழாமல் இன்னொரு விரிப்பை இரண்டு பேர் கீழே விரித்துப் பிடித்தார்கள். கதிரையின் முதுகில் முற்றம் கூட்டும் தும்புத்தடியைக் கட்டி, அதில் தலையைச் சாய்த்து வைக்கச் சொன்னேன். ரின்னின் ஓட்டையை ஒரு நிமிசம் திறந்து வைக்கவேண்டும், அதுவரை ஆடக்கூடாது. மணிக்கூடு ஓடவில்லை. அதனால் செருப்புத் துண்டை எடுத்ததும் நான் அருள் நிறைந்த மரியே செபத்தைச் சொல்லத் தொடங்குவேன், நாலு தரம் முடியும்போது மூடுவேன். பெரியமடுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த சைவப் பெடியன் ஒருவன் இருந்தான். மற்றவர்களுக்குச் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, தன் முறை வந்தபோது உதடு ஆடாமல் மனதுக்குள் தானே எண்ணினானாம். அவனுடைய படம்தான் எல்லாவற்றிலும் தெளிவாக வந்தது.

மத்தியானத்துக்குள் ஏழு பிள்ளைகளை எடுத்து முடித்தேன். எட்டாவது றெஜினா. பதினாறு வயது, மெலிந்த பிள்ளை, கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் கெட்டிக்காரி. அவளின் தகப்பன் சோதனை வேண்டாம், படம் வேண்டாம் என்று நிற்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். எடுத்த பிள்ளைகள் எல்லாரும் முற்றத்தை விட்டுப் போக ஒரு மணியாயிற்று, அதுவரைக்கும் அவளைக் காணவில்லை. வெயில் நல்ல பதமாக இருந்தது. நீ வள்ளத்தின் மேல் ஏறி, வாயில் விரலை வைத்துக்கொண்டு, ஆச்சரியமாக, ஒரு சத்தமும் போடாமல் இருந்தாய். உன்னுடைய ஒரு படம்கூட எங்களிடம் இருக்கவில்லை. அந்த நாட்களில் காணாமல் போன பிள்ளைகளின் முகத்தைத் தாய்மார் எதை வைத்து நினைத்துப் பார்த்தார்கள் என்று உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். றெஜினா வரமாட்டாள் என்று எனக்கு நானே சொன்னேன். ரின்னை உன் பக்கம் திருப்பி வைத்துச் செருப்புத் துண்டை எடுத்தேன். மூன்றாவது மரியேயில் நீ கையை ஆட்டினாய்.

ரின்னைக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்புகிறேன், றெஜினா முற்றத்தில் நிற்கிறாள். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை.

"அக்கா, நான் பிந்திப்போனனோ?"

மகன், இந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு அரை நிமிசம் இருந்தது. நான் சொல்லவில்லை. "கடதாசியிலை ஒண்டு வெளிச்சம் பட்டுப் பழுதாப் போச்சு பிள்ளை, ஒரு துண்டுதான் மிச்சம்" என்றேன். அதோடும் நிற்கவில்லை. "நீ நேரத்துக்கு வந்திருந்தா இப்பிடி நடந்திருக்காது" என்றும் சொன்னேன். பொய்யைவிட அந்த இரண்டாவது வசனம்தான் பிறகு என்னை அரித்தது. என் பிழையைத் தூக்கி ஒரு பிள்ளையின் தலையில் வைத்தேன். அவள் கதிரையில் போய் இருந்து தும்புத்தடியில் தலையைச் சாய்த்தாள். கடைசித் துண்டில் அவளை எடுத்தேன். கறுப்பு முகமும் வெள்ளை மயிருமாக, மாறின படம். அதை நேராக்க இன்னொரு துண்டு இருக்கவில்லை.

புதன்கிழமை பதினொரு பிள்ளைகளின் படத்தோடும் றெஜினாவின் அந்தத் துண்டோடும் பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனேன். தபாலதிபர் களைத்துப்போன ஒரு மனிதர். படங்களைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஸ்ரூடியோ?" என்று கேட்டார்.

"என்ரை குசினி, ஐயா."

"பகிடி விடாதையுங்கோ. ஒழுங்கான கமெராவிலை எடுத்த படம்தான் ஒட்டலாம்."

சுவரில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. வரிசையில் நின்றபோதே நான் அதை மூன்று தரம் வாசித்துவிட்டேன். "ஐயா, அதிலை படத்தின்ரை அளவு போட்டிருக்கு, முகம் தெளிவாத் தெரியவேணும் எண்டு போட்டிருக்கு. எந்தக் கமெரா எண்டு எங்கை போட்டிருக்கு? காட்டுங்கோ, நான் திரும்பிப் போறன்." அவர் எழும்பி வந்து தானும் வாசித்தார். பிறகு நான் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் படத்தோடு அவருக்கு முன்னால் நிறுத்தினேன். "இவன்தானே இது? இவள்தானே இது? இதைவிட அட்டைக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். வரிசையில் நின்ற சனம் சிரிக்கத் தொடங்கியது. நாலாவது பிள்ளையோடு அவரும் சிரித்துவிட்டார். பதினொன்றையும் ஒட்டிச் சீல் குத்தினார். நீ பெரிய கந்தோர்களில் வேலை செய்கிறவன். ஏலாது என்று யாராவது சொன்னால் எங்கே எழுதியிருக்கிறது என்று கேள். பாதி நேரம் எங்கும் எழுதியிருக்காது.

மற்றப் பாதி நேரம் எழுதியிருக்கும். றெஜினாவின் துண்டைக் கையில் எடுத்தவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தங்கச்சி, இதிலை முகமே இல்லை. பேய் மாதிரிக் கிடக்கு. இதை ஒட்டினா என்ரை வேலை போம்." நான் கெஞ்சினேன், சத்தம் போட்டேன், ஒரு கிழமை தவணை கேட்டேன். அவர் செய்யவில்லை. அவரில் பிழையும் இல்லை. முகம் தெரியவேண்டும் என்று எழுதித்தான் இருந்தது. றெஜினா என் சட்டையைப் பிடித்து, "காணும் அக்கா, வாங்கோ" என்றாள்.

பதினொரு பேர் சோதனை எழுதினார்கள். கரி பூசின பால்ரின்னால், கருவாட்டு உப்பால், கோயில் விளக்கால் எழுதினார்கள். ஒன்பது பேர் சோதனையில் தேறிச் சித்தியடைந்தார்கள். ஊரில் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள், சிஸ்ரர் கட்டிப்பிடித்தா. அவளுடைய துண்டு உண்மையில் எங்கே போனது என்று உன் அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை. அடுத்த வருடம் றெஜினாவின் தகப்பன் குடும்பத்தோடு வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனார். அங்கே அகதி முகாமில் அவளுக்குக் கலியாணம் நடந்தது என்று யாரோ சொன்னார்கள். ரவுணில் திரும்ப ஒரு ஸ்ரூடியோ திறந்தபோது, வைத்திருந்த இரண்டு துண்டையும் கொண்டுபோய் நேராக்கி எடுத்தேன். உன் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் கொழுவினேன். அவளுடையதை அலுமாரித் தட்டில் விரித்த கடதாசிக்குக் கீழே வைத்தேன். உன் படத்தை யாராவது "வடிவாயிருக்கு" என்று சொன்னால் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். அது வெட்கம் என்று நீ நினைத்திருந்தால், ஓம், வெட்கம்தான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவள் வந்தாள். முகாமில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, புருசனும் செத்தபிறகு, கடைசி மகளோடு ஊருக்குத் திரும்பியிருந்தாள். தலை நரைத்திருந்தது. தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரைகூடப் பொறுக்காமல் நான் சொல்லிவிட்டேன். கடதாசி பழுதாகவில்லை, உன் பங்கில் என் மகனைப் படம் எடுத்தேன், நீ வரமாட்டாய் என்று நினைத்தேன் என்று.

அவள் கோப்பையை வைத்தாள்.

"தெரியும் அக்கா."

"எப்பிடித் தெரியும்?"

"நான் பிந்தி வரேல்லை. பத்து மணிக்கே வந்து வேலிக்கு அங்காலை நிண்டனான். சட்டை கக்கத்துக்குக் கீழை கிழிஞ்சுபோய்க் கிடந்தது. மற்றப் பிள்ளையள் போகட்டும் எண்டு நிண்டனான். எல்லாரும் போய், வாறதுக்கு அடி எடுத்து வைக்க, நீங்கள் ரின்னைத் தம்பியிட்டைத் திருப்பினீங்கள். அதுக்குப் பிறகு என்ரை முறை எண்டு நினைச்சன்."

மகன், முகம் மட்டும் தெரியும் படத்துக்குக் கிழிசல் தெரிந்திருக்காது. யாராவது அவளைக் கூப்பிட்டு அதைச் சொல்லியிருக்கலாம். நான் வேலிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

"என்னை மன்னி பிள்ளை" என்றேன்.

"மாட்டன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். "அது என்ரை வருசம். சும்மா பறவாயில்லை எண்டு சொன்னா அது ஒண்டுமில்லாததாப் போயிடும். நான் மன்னிப்புத் தர வரேல்லை. பள்ளிக்கூடத்தாலை இல்லாமத் தனிப்படச் சோதினை எழுதிறதுக்கு விண்ணப்பம் நிரப்பவேணும், அதுக்குத்தான் வந்தனான். மகளோடை சேர்ந்து நானும் எழுதப்போறன். உங்களுக்கு அறிவித்தல் வாசிக்கத் தெரியும்."

நாற்பத்தெட்டு வயது அவளுக்கு. நான் உடனே மேசையைத் துடைத்தேன். இரண்டு பேரும் விண்ணப்பத்தை ஒரு எழுத்து விடாமல் நிரப்பினோம். அலுமாரியிலிருந்து அவளுடைய படத்தை எடுத்துக் கொடுத்தபோது நெடுநேரம் பார்த்தாள். "எவ்வளவு கோவமா இருந்திருக்கிறன்" என்று சொல்லி மடியில் வைத்தாள். போன சோதனையில் எழுதினாள். மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்ற ரீச்சர் அவளைப் பிள்ளையோடு வந்த தாய் என்று நினைத்து வெளியே போகச் சொன்னாவாம். அட்டையை எடுத்துக் காட்டிவிட்டுத் தன் இலக்கத்தில் போய் இருந்தாளாம். எல்லாம் சித்தி, கணக்கு மட்டும் இல்லை. மகள் கணக்கிலும் சித்தி. இப்போது பின்னேரங்களில் மகள் தாய்க்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். வருகிற முறை கணக்கை மட்டும் எழுதுவாள். அதுவும் தவறினால் அதற்கடுத்த முறை. "சாகிறதுக்கு முன்னம் உந்தக் கணக்கைப் பிடிச்சுப்போடுவன்" என்கிறாள்.

இனி நான் கேட்பதைக் கேள். நீ குடும்பம் நடத்தும்போது பிழை விடுவாய், எல்லாரும் விடுகிறோம். விட்டால் உன் பெண்ணிடம் அந்த அரை நிமிசத்துக்குள் சொல்லிவிடு. முப்பது வருடம் வைத்திருந்து பார்த்தவள் சொல்கிறேன். உன் பிள்ளையின் மேலுள்ள ஆசை எதையும் நியாயமாக்கும் என்று நினைக்காதே. என் ஆசை உண்மையானது, அதற்காக நான் வருந்தவில்லை, இன்னொரு துண்டு இருந்தாலும் உன்னைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் அது அவளுடைய துண்டு. இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க நான் இனிச் சம்மதிக்கமாட்டேன், கொழும்பில் எந்தக் கொம்பியூட்டர்க்காரன் வந்தாலும்.

உன் கலியாணத்துக்கு நான் றெஜினாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கேட்டேன், வருகிறேன் என்றாள். முதல் வரிசையில் எனக்குப் பக்கத்தில், உன் அப்பா இருந்திருந்தால் இருக்கவேண்டிய கதிரையில் அவள் இருப்பாள். பெண் வீட்டார் யார் இது என்று கேட்பார்கள். தூரத்துச் சொந்தம் என்று மழுப்பாதே. என்ன நடந்தது என்று நீயே அவர்களுக்குச் சொல்லு, சொல்லக் கூச்சமாக இருந்தால் என்னிடம் அனுப்பு, நான் சொல்கிறேன். அவள் மண்டபத்துக்குள் வரும்போது நீ கோட்டும் மாலையுமாக மேடையில் இருந்தாலும், யார் உன்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாலும், எழும்பி நில். அவள் இருந்த பிறகு நீ இரு.

அம்மா